விலை ஜாஸ்தி என்று சொன்ன நைனாவுக்கு

என் உயிர் நைனாவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். வல்லத்து நிலத்தில் இந்த முறையும் மல்லாட்டைதான், கடலை நன்றாகப் பிடித்திருக்கிறது. நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அதே ஃப்ரிட்ஜ், மிக்சி கடையில் இருக்கிறேன், இப்போது சூப்பர்வைசராக. சந்தோஷப்படாதே, கோபத்தில்தான் எழுதுகிறேன். அதில் பாதி உன்மேல்.

போன வாரம் கடையில் பயிற்சி வகுப்பு. சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வாடிக்கையாளர் விலை அதிகம் என்றால் என்ன பதில் சொல்வது, அதுதான் பாடம். தவணையைச் சொல்லுங்கள், கரண்ட் மிச்சமாவதைச் சொல்லுங்கள் என்றார். அதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. பிறகு, தவறாமல் பலிக்கிற பதில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். மேனேஜர் என்னைக் காட்டினார். நானும் பெருமையாக எழுந்து சொன்னேன்.

"வீட்டு பொம்பளைக்கு இதக்கூட வாங்கித் தர மாட்டீங்களா?"

ஞாபகம் வருகிறதா நைனா? நான் காலேஜில் படித்தபோது ஃப்ரிட்ஜ் வாங்கப் போனோமே, வேறொரு கடைக்கு. நீ விலை ஜாஸ்தி என்றதும், அம்மாவையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தக் கடை ஆள் உன்னிடம் கேட்டது அது. மல்லாட்டை வியாபாரியிடம் அரை நாள் மல்லுக்கட்டுகிற நீ, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவன் காட்டிய பெரிய ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொண்டாய். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் சும்மா இருந்தாய்? அவனை நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?

உன்னையே மடக்கிய வார்த்தை எவரையும் மடக்கும் என்று கற்றுக்கொண்டேன். மூன்று வருஷமாக அதை வைத்துத்தான் விற்றேன். மனைவியோடு வருகிற ஆளாகப் பார்த்துச் சொல்வேன். நல்ல விற்பனைக்கு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். எதனால் கிடைத்தது என்று தெரியாமல், அதை நீ வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாய்.

பயிற்சிக்காரர் அதைப் பலகையில் எழுதினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆறு பெண்களையும் சொல்லிப் பழகச் சொன்னார். நான் வாடிக்கையாளராக நடிக்க வேண்டுமாம். அனந்தபுரத்துப் பெண் ஒருத்தி சிரித்த முகமாக என்னைப் பார்த்து அதைச் சொன்னாள். நீ இருந்த இடத்திலிருந்து முதல்முறையாக அதைக் கேட்டேன். உன் குரலில் அவளுக்குப் பதில் சொன்னேன்.

"எங்க வூட்டு பொம்பளைக்கு நான் இன்னா செஞ்சேன்னு உனக்கு இன்னாம்மா தெரியும்? வெலைய கேட்டா வெலைய மட்டும் பேசு."

நன்றாக நடிக்கிறேன் என்று சிரித்தார்கள். எழுந்து போய்ப் பலகையை அழித்தேன். சிரிப்பு நின்றது. அந்தப் பெண்களைத் தினமும் பழக்க வேண்டியது நான்தான். அதையும் சேர்த்துப் பழக்கு, முடியாவிட்டால் வேலையை விட்டுவிடு என்றார் மேனேஜர். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன். விலை ஜாஸ்தி என்று ஒருவர் சொன்னால், ஆமாங்க, சின்னது பார்க்கிறீர்களா என்று கேட்கத்தான் அவர்களைப் பழக்குவேன். வேலை போனால் போகட்டும். என் காது கேட்க இனி எவரையும் அப்படிக் கேட்க விடமாட்டேன், இது சத்தியம்.

ஏன் சும்மா இருந்தாய் என்று உன்னைக் கேட்கிறேனே, பக்கத்தில் நின்ற நான் ஏன் சும்மா இருந்தேன்? எனக்கு அந்தப் பெரிய ஃப்ரிட்ஜ்தான் வேண்டியிருந்தது நைனா.

அன்றைக்கு வாய் திறக்காத உன் மகள்,
மகேஸ்வரி