காரணம்: பல்வலி

மார்ச் 4, செவ்வாய்

நேற்றைய விடுப்புக்கான படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்தில் மறுபடியும் 'பல்வலி' என்றே எழுதினேன். இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த ஐந்து மாதத்தில் இது நான்காவது பல்வலி. "இப்படியே போனா ரிட்டயர் ஆகும்போது வாயில ஒரு பல்லாவது மிஞ்சுமா?" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, பேசுவார்.

ஒற்றைத் தலைவலி என்று உண்மையை எழுதினால் என்ன? பழைய வேலையில் எழுதிப் பார்த்தாயிற்று. 'இவளுக்கு வேலைன்னாலே தலைவலி' என்று என் காதுபடவே பேசினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். இங்கே அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டும். அதுவரை பல்லே துணை.

மார்ச் 6

நான் செய்வதோ ஒற்றைத் தலைவலி ஆராய்ச்சிக்கான பொருள்! இதைவிட வயிற்றெரிச்சல் உண்டா?

ஒற்றைத் தலைவலி மருந்து ஒன்றிலிருந்து ஐந்து ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டு, அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியத்தை வைக்கிறோம். மருந்து அதேதான், எடை மட்டும் கூடும். அதுதான் அடையாளம். நோயாளியின் ரத்த மாதிரியில் இதை அளந்து கலந்தால், அவர் விழுங்கிய மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

அணுக்களை மாற்ற, டியூட்டீரியம் உள்ள கனநீரில் மூன்று தடவை சூடாக்க வேண்டும். அந்த நேரத்தில் தவறிப்போய்ச் சாதாரணத் தண்ணீரை ஊற்றினால் போச்சு, வைத்த அடையாளம் எல்லாம் கழன்று ஓடிவிடும். இன்றோடு இரண்டு தடவை முடிந்தது.

மார்ச் 7

மூன்றாவதும் ஆயிற்று. ஆரம்பிக்கும்போதே இடக்கண் ஓரம் மின்னியது, எதைப் படித்தாலும் எழுத்துக்கு நடுவே ஓட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். படுக்கப் போகிறேன்.

மார்ச் 10, திங்கள்

அடையாளம் இல்லை.

கருவியில் எடை பார்த்தோம். ஐந்து கூட வேண்டிய இடத்தில் ஒன்றுகூடக் கூடவில்லை. மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கனநீர்ல தண்ணியக் கலந்து அனுப்பியிருக்கான். நாளைக்கு அந்த வியாபாரிய ஒரு பிடி பிடிக்கிறேன்." சரி சார் என்றேன்.

பிறகுதான் என் மேசையைப் பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் புட்டிகள், இரண்டிலும் என் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. கனநீர் வியாழக்கிழமை இருந்த அளவிலேயே இருக்கிறது. கடைசியில் கழுவ வைத்திருந்த சாதாரணத் தண்ணீர்தான் குறைந்திருக்கிறது.

ஐயோ — நான்தான். என் கையாலேயே கழுவி ஊத்தியிருக்கேன். வாயத் தொறந்தா என் வேலை போகும். தொறக்கலைன்னா ஒண்ணுமே அறியாத அந்த மனுஷன் தலை உருளும். 'சரி சார்'னு வேற சொல்லித் தொலச்சேனே!

மார்ச் 11

சொல்லிவிட்டேன். வியாபாரியைக் கூப்பிட மேலாளர் போனைக் கையில் எடுத்தபோதே போய் நின்றேன்.

"சார், கனநீர் மேல தப்பில்ல. நான்தான் புட்டிய மாத்தி எடுத்துட்டேன். எழுத்தே தெரியல. எனக்கு ஒத்தத் தலைவலி சார். பல்லுக்கு ஒண்ணும் இல்ல."

போனை வைத்தார். "சேரும்போதே ஏன் சொல்லல?"

"வேலை குடுக்க மாட்டீங்கன்னு பயம்."

என்னையே பார்த்தார். "ஏம்மா, இந்த மருந்தெல்லாம் நாம யாருக்காகப் பண்றோம்னு நெனச்சீங்க?"

அழுகைதான் வந்தது. ஒரு வாரம் வீணானதற்குத் திட்டவும் செய்தார், நன்றாகவே. நிரந்தரம் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 12

கனநீர்ப் புட்டியின் கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டினேன். கண் ஏமாற்றினாலும் விரலுக்குத் தெரியும்.

மார்ச் 19

மறுபடி முதலிலிருந்து மூன்று தடவை. ஐந்தும் ஏறிவிட்டது. அப்பாடா!

ஏப்ரல் 9, புதன்

திங்கட்கிழமை முழுக்க இருட்டறையில் கிடந்தேன். நேற்று படிவத்தில் காரணத்தை எழுதினேன்: ஒற்றைத் தலைவலி.

இன்று கையெழுத்தாகி வந்தது. கீழே மேலாளரின் கிறுக்கல்: 'பல் சௌக்கியமா?' கூடவே இன்னொரு தாளைப் பின் குத்தியிருந்தார். இரண்டு முறை படித்தேன். இந்த மாதம் முதல் நிரந்தரம் என்றுதான் இருந்தது. எழுத்தில் ஓட்டை எதுவும் இல்லை.