சூட்டில் ரப்பர் நீளுமா?

ஜனவரி 8

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் உங்கள் வீட்டுக்காரனும் நலம். ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் நீங்கள் விளக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கிறது. வைத்த மறுநிமிடமே காற்றில் போய்விடுகிறது. அதனால் காகிதத்திலேயே கேட்கிறேன். வெப்பவியல் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் அஞ்சல்வழி டிப்ளமோ அவ்வளவுதான், மறுபடி எழுத விடமாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் வாஷர் அச்சடித்த கை இது. டிப்ளமோ வந்தால் எங்கள் ரப்பர் தொழிற்சாலையிலேயே சோதனைக்கூடத்தில் உட்காரலாம். ஆசை விடவில்லை.

ஒரே அறையில் கிடக்கிற இரும்பு நாற்காலி ஜில்லென்றும், மர நாற்காலி சும்மாவும் இருப்பது ஏன்? என்ட்ரோபி என்றால் என்ன? சிரிக்காமல் பதில் எழுதவும்.

உங்கள் அத்தை

ஜனவரி 15

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு நாற்காலிக்கும் ஒரே வெப்பநிலைதான். இரும்பு உங்கள் உடம்புச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது, மரம் மெதுவாக. ஜில்லிப்பு நாற்காலியில் இல்லை, உங்களிடமிருந்து போகிற சூட்டில் இருக்கிறது.

என்ட்ரோபிக்கு உங்கள் மகனின் அலமாரியைத் திறந்து பாருங்கள். துணி மடித்தபடி இருக்க ஒரு வழிதான், குலைந்து கிடக்க ஆயிரம் வழி. அதனால்தான் தானாகக் குலைகிறது. அவரைக் கேட்டால் இயற்கை விதி என்பார். நம்பாதீர்கள், சோம்பேறித்தனமும் உண்டு.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் நீங்கள் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. அன்று பாலைப் பொங்கவிட்டு அடுப்பையே நாசம் செய்தேன். "பரவாயில்லைங்க"ன்னு சொல்லிவிட்டு நீங்களே துடைத்தீர்கள். உங்கள் மகனை மட்டும் வாய் நிறையத் திட்டுகிறீர்கள். நான் என்ன, விருந்தாளியா?

உங்கள் மருமகள்

பிப்ரவரி 2

அன்புள்ள மருமகளுக்கு,

அலமாரியைத் திறந்தேன். என்ட்ரோபி என் தலையிலேயே விழுந்தது. இனி மறக்காது.

உங்களைத் திட்டுவதா? ஆராய்ச்சி செய்கிற பெண்ணை நான் என்னவென்று சொல்ல? நாக்கே எழவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ரப்பர் பட்டையில் எடையைத் தொங்கவிட்டு, பட்டையைச் சூடாக்கினால் எடை ஏறுமா, இறங்குமா? பழைய கேள்வித்தாள்களில் அடிக்கடி வந்திருக்கிறது. பரீட்சை இருபதாம் தேதி.

உங்கள் அத்தை

பிப்ரவரி 10

அன்புள்ள அத்தைக்கு,

ஆராய்ச்சிக்கூடத்தில் இரும்பு உருக்குகிற உலை எரிந்துகொண்டிருக்கிறது, அவசரமாக எழுதுகிறேன். பொருள்கள் சூட்டில் விரியும். ரப்பரும் நீளும், எடை இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கள். வெற்றி உங்களுக்கே!

உங்கள் மருமகள்

ஏப்ரல் 4

அடியே மருமகளே,

பாஸ்! எழுபத்தொரு மார்க்! திங்கட்கிழமையிலிருந்து சோதனைக்கூடம். வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்று.

இப்போது உட்கார்ந்து நான் சொல்வதைக் கேள். உன் கடிதம் வந்த அன்று, எதற்கும் பார்த்துவிடலாமே என்று தொழிற்சாலையிலிருந்து ஒரு ரப்பர் பட்டை கொண்டுவந்தேன். ஆணியில் மாட்டி, வாசல் பூட்டைத் தொங்கவிட்டேன். பட்டை நன்றாக இழுபட்டு நின்றது. நீ விட்டுப்போன தலை காயவைக்கிற மெஷினை எடுத்துச் சூட்டைக் காட்டினால், பூட்டு அரை விரல் மேலே ஏறுகிறது! ஆறவிட்டால் இறங்குகிறது. ஐந்து தடவை பார்த்தேன். ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரன், "அம்மா, அவ தப்பா சொல்வாளா? பூட்டுலதான் ஏதோ கோளாறு"ன்னான். பூட்டில் கோளாறாம்!

பரீட்சையில் அதே கேள்வி, பத்து மார்க். உன்னை நம்புவதா, என் கண்ணை நம்புவதா? பேனா ஐந்து நிமிடம் நகரவில்லை. உன் பேச்சைத் தட்டுவது எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்புறம் அலமாரி ஞாபகம் வந்தது. இழுபட்ட ரப்பருக்குள் மூலக்கூறு இழைகளெல்லாம் மடித்த துணி மாதிரி வரிசையாக நிற்கும். சூடு பட்டதும் குலைந்து சுருண்டுகொள்ளப் பார்க்கும், அதனால் எடையை மேலே இழுக்கும் என்று எழுதினேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான், ஆனால் நீ சொன்னதற்கு நேர் எதிர்.

கண்ணை மூடிக்கொண்டு எழுதணுமா? மூன்றாவது தடவை எழுதுகிறவளுக்குச் சொல்கிற பேச்சா இது? இரும்போடு குடித்தனம் நடத்தினால் ரப்பர் மறந்துபோகுமோ? அவசரக்குடுக்கை! அன்றைக்குப் பாலைப் பொங்கவிட்டதும் இதே அவசரத்தில்தான். பால் கறை ஒரு வாரம் போகவில்லை, தெரியுமா?

அத்தை

ஏப்ரல் 11

என் அத்தைக்கு,

பத்துக்குப் பூஜ்யம் எனக்கு. ஒத்துக்கொள்கிறேன். உங்கள் எழுபத்தொன்றை ஆராய்ச்சிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். "அடியே" என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி பயந்துவிட்டாள்.

சனிக்கிழமை வருகிறேன். வெள்ளைக் கோட்டோடு உங்களைப் பார்க்க வேண்டும். பூட்டை மறுபடி பட்டையில் தொங்கவிட்டு வையுங்கள், அது ஏறுவதையும் என் கண்ணால் பார்க்க வேண்டும். பாலை நானே காய்ச்சுகிறேன். பொங்கினால் துடைக்காதீர்கள், திட்டுங்கள்.

உங்கள் அவசரக்குடுக்கை