கையில் என்ன வாசம்

7 அக்டோபர் 2024, திங்கள்

காலைப் பதிகம் ஓதி, நீறணிந்து, எட்டேமுக்காலுக்கு மழலையர் வகுப்புக்குப் போனேன். வாரம் மூன்று நாள் கதை சொல்லவும் பாட்டுச் சொல்லவும் சந்திரவல்லி டீச்சர் என்னை அழைத்து நான்கு மாதம் ஆகிறது. முப்பத்தைந்து ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் இலக்கணம் நடத்தியவனுக்கு நான்கு வயதுப் பிள்ளைகளிடம் என்ன வேலை என்று தொடக்கத்தில் கூசினேன். அங்கே சிலேட்டும் இல்லை, எழுத்தும் இல்லை. களிமண் பிசைகிறார்கள், புளியங்கொட்டை எண்ணுகிறார்கள், குவளைக்குக் குவளை தண்ணீர் ஊற்றி மேலெல்லாம் நனைகிறார்கள். "மொதல்ல கை படிக்கட்டும் ஐயா, எழுத்து எங்கயும் ஓடிப் போகாது" என்கிறார் டீச்சர்.

எனக்கு அங்கே வாய்த்த பதவி மூக்கு. உள்ளே வரும் பிள்ளை ஒவ்வொன்றும் இரு கைகளையும் நீட்டும். நான் கண்ணை மூடி முகர்ந்து, என்ன வாசம் என்று சொல்ல வேண்டும். தவறினால் வகுப்பே "தப்பு!" என்று கத்தும், நான் ஒரு தோப்புக்கரணம் போட வேண்டும். இன்று சின்ராசுவின் கையை மண்ணெண்ணெய் என்றேன். அவன் அப்பாவின் ஜீப்பு டீசலாம். "தாத்தா மூக்கு அவுட்டு" என்றான். மகாராணி ஆயா ஓடி வந்தார்: "பாத்து ஐயா, உக்காந்தா எந்திரிக்கணும்ல!"

முத்துப்பிரியா மட்டும் கத்துவதில்லை. சூனில் சேர்ந்தவள், இதுவரை வகுப்பில் ஒரு சொல் பேசியதில்லை. தாய் அன்னக்கொடி ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிப்பவள். பிள்ளையின் கையில் எந்நாளும் ஒரே வாசம். நான் "ஏலக்காய்" என்பேன். தலையை மட்டும் ஆட்டுவாள்.

9 அக்டோபர், புதன்

இன்று வேண்டுமென்றே "மல்லிகைப்பூ" என்றேன்.

"தப்பு" என்றது ஒரு குரல், மற்றவர்கள் வாய் திறக்குமுன். "தப்பு. ஏலக்கா." முத்துப்பிரியாவின் குரல்! டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒன்றுக்கு மூன்று தோப்புக்கரணம் போட்டேன். முழங்கால் வலி இரவெல்லாம் இருக்கும், இருக்கட்டும்.

21 அக்டோபர், திங்கள்

புளியங்கொட்டைக்குப் பதில் ஏலக்காயையே வைத்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். டீச்சர் தயங்கினார். "பெத்தவங்க என்ன நெனப்பாங்களோ ஐயா." ஊரின் பொருளை ஊர்ப்பிள்ளை தொட்டறிவதில் என்ன குறை என்று வாதாடி, நானே ஒரு பை காய் வாங்கிப் போய் மூங்கில் தட்டில் கொட்டினேன்.

மற்றப் பிள்ளைகள் வாயில் போட்டன. முத்துப்பிரியா சம்மணமிட்டு அமர்ந்தாள். விரல் நுனியால் உருட்டி உருட்டி மூன்று கிண்ணத்தில் பிரித்தாள். "இது பெருசு. இது நடுவு. இது பிஞ்சு." மூன்று வாக்கியம்! இறைவன் திருவடிக்கு வணக்கம். பேசாத பிள்ளையை என் தட்டு பேச வைத்துவிட்டது.

14 நவம்பர், வியாழன்

குழந்தைகள் தின விழா. எழுதக் கை வரவில்லை.

15 நவம்பர், வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வேலை செய்து காட்டியது. முத்துப்பிரியா ஏலக்காய்த் தட்டின் முன் அமர்ந்தாள். அன்னக்கொடி கடையில் சொல்லிவிட்டு ஓட்டமாய் வந்து சுவரோரம் நின்றிருந்தாள். பிள்ளையின் விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்து, யாரும் கேளாமலே நான் எழுந்தேன். மேடைக் குரலில் சொன்னேன்: "பாருங்கள், இது தாயின் கை! யாரும் கற்றுத் தராமலே இவளுக்கு வந்த கை!"

எல்லாரும் கைதட்டினார்கள். அன்னக்கொடி தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

பிறகு நேரே வந்து பிள்ளையின் பிடிக்குள் இருந்த காயை ஒவ்வொன்றாய் எடுத்துத் தட்டில் போட்டாள். "நான் பொறுக்குறது பத்தாதாங்கய்யா? எம்புள்ளையும் பொறுக்கவா இங்ஙன கொண்டாந்து விட்டேன்?"

"பெருமையாகத்தான் அம்மா சொன்னேன்—"

"பெருமையா? எங்கையப் பாத்துருக்கீகளா?" விரித்துக் காட்டினாள். நகக்கண் கறுத்து, விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. "ரேசன் கடை மிசின்ல ரேகை விழுக மாட்டேங்குது. இப்பிடி ஒரு ஆளே இல்லைங்குது மிசினு. இந்தக் கையா எம்புள்ளைக்கு வந்துருக்கு?"

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். முத்துப்பிரியா தாயின் தோளுக்கு மேல் என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஐந்து மாதம் அந்தப் பிள்ளையின் கையை முகர்ந்தேன். அந்த வாசம் எந்தக் கையிலிருந்து ஏறியது என்று ஒரு நாளாவது நினைத்தேனா?

18 நவம்பர், திங்கள்

வரவில்லை.

20 நவம்பர், புதன்

வரவில்லை. "டீச்சர், முத்துப்பிரியா எங்க?" என்று சின்ராசு கேட்டான். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

27 நவம்பர், புதன்

ஏலக்காய்க் கடைக்குப் போனேன். நீண்ட கூடம், வரிசை வரிசையாகப் பெண்கள், மடியருகே ஆளுக்கொரு தட்டு. முகப்பில் இருந்தவள், "வாங்க வாத்தியாரய்யா, நீங்களும் ஒரு தட்டப் பிடிங்க, வெரசா முடிப்போம்" என்றாள். சிரிப்பு எழுந்தது. விழாவின் கதை அங்கே முன்பே வந்துவிட்டது போலும்.

அன்னக்கொடியின் முழங்காலை ஒட்டி முத்துப்பிரியா அமர்ந்திருந்தாள்.

"வேற பள்ளிக்கொடத்துல சூனுலதான் சேப்பாகளாம். அதுவரைக்கும் வீட்ல தனியாவா போட்டுட்டு வர?" என்றாள் தாய், நான் கேட்குமுன். பேசும்போதே பிள்ளையின் கை தட்டுக்குப் போனது. "தொடாதடீ" என்று தட்டிவிட்டாள். சற்றுக் கழித்து அந்தக் கை தானாக மறுபடி போனது. பெரியது. நடுவு. பிஞ்சு. சொல் இல்லாமல்.

"பிழை என்னுடையது. பொறுத்துக்கொள் அம்மா. தட்டை எடுத்துவிட்டோம். நான் வருவதுதான் தடை என்றால் நானும் நின்றுகொள்கிறேன். பிள்ளையை அனுப்பு. இப்போதுதான் பேசத் தொடங்கினாள்..."

"பொறுக்கத்தானங்கய்யா பொறந்துருக்கோம். காயையும் பொறுக்குறோம், பேச்சையும் பொறுக்குறோம். ஆனா அன்னைக்கு அத்தன பேருங் கை தட்டுனாக பாருங்க, அதப் பொறுக்க முடியல. அந்தப் படிய இனி நான் ஏற மாட்டேன். போயிட்டு வாங்க, சோலி கெடக்கு."

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகைத் தீபம். விளக்கேற்றினேன்.

பொறுத்தல் வேறு, பொறுக்குதல் வேறு. "பொறுக்க", "பொறுக்கும்" என்ற வடிவங்களில் இரண்டும் ஒன்றுபோல் நிற்கும். எத்தனை ஆண்டு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன்! அதன் பொருளை ஒருத்தி தட்டைப் பார்த்தபடியே சொல்லி முடித்துவிட்டாள்.

பதிகத்தில் பிழை பொறுக்க வேண்டும் என்னும் அடி வரும்போது நா தடுக்குகிறது. இறைவனிடம் கேட்பது எளிது. அவன் எழுந்து போய்விடுவதில்லை.

8 சனவரி 2025, புதன்

சந்திரவல்லி டீச்சர் இருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தார். "பூட்டியே கெடக்கு ஐயா. ரெண்டு பேரும் விடியவே கடைக்குப் போயிர்றாங்களாம்." ரெண்டு பேரும்.

மூங்கில் தட்டு அலமாரியின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

தைப்பூசம். முருகன் கோயில் படியில் காலையிலேயே கூட்டம். இறங்கி வரும்போது எதிரே அன்னக்கொடி, கைப்பிடியில் பிள்ளை. நான் ஒதுங்கினேன். அன்னக்கொடியும் ஒதுங்கத்தான் பார்த்தாள்.

முத்துப்பிரியா தாயின் பிடியை உருவிக்கொண்டு என் முன் வந்து நின்றாள். இரு கைகளையும் நீட்டினாள்.

"இப்பல்லாம் வாயே தொறக்குறதில்ல" என்றாள் அன்னக்கொடி, எங்கோ பார்த்தபடி. "சூனுல சேத்துட்டா சரியாப் போயிரும்."

குனிந்தேன். கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. எட்ட நின்றபோதே தெரிந்த வாசம். முன்பெல்லாம் அது தாயிடமிருந்து ஒட்டியது. இன்று நகக்கண்ணுக்குள்ளேயே இருந்தது. தலை நிமிர்ந்தபோது தாயின் கண்கள் என் வாயின் மேல் இருந்தன. இந்த வாய் இன்னொரு முறை என்ன சொல்லப் போகிறது என்று.

"திருநீறு" என்றேன். "திருநீற்று வாசம், கண்ணு."

அன்னக்கொடியின் முகம் கொஞ்சம் இளகிற்று. பிள்ளை தன் கையைத் தானே ஒருமுறை முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் "தப்பு" என்று சொல்வாள் என்று, கூட்டம் இடித்துக்கொண்டு போகப் போக, அப்படியே நின்றேன்.

கைகளை மூடிக்கொண்டு தாயிடம் போய்விட்டாள்.