கமலாவுக்கு இரண்டாவது பேர்

1962 ஜூன் 9, சனி. விருதுநகர், அம்மா வீடு

காலை பத்து மணிக்கே அனல் காற்று. துணி நொடியில் காய்கிறது. பாப்பாவுக்குக் கழுத்தில் வேர்க்குரு.

மத்தியானம் அவர் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்தார். காராச்சேவு, ஆரஞ்சு மிட்டாய், எனக்கு ஒரு ரவிக்கைத் துணி. பச்சை. பச்சை வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

பேர் பேச்சு. முதல் பேர் கமலா. அதில் மாற்றமில்லை, காலமான என் மாமியார் பேர். எழுதலாம், நான் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே நான் கூப்பிட இரண்டாவதாக ஒரு பேர் வேண்டும். வேணி என்று நினைத்து வைத்திருந்தேன். கமலவேணி.

அவர் வேறு முடிவோடு வந்திருக்கிறார்.

"கமலஜோதி. எப்படி இருக்கு?"

தீபாவளிக்கு நம் கம்பெனியில் புதுப் புஸ்வாணம் போடுகிறார்களாம். பெட்டி லேபிளில் பாப்பா பேர். கமலா என்ற பேரில் ஏற்கெனவே வேறொருவர் சரக்குப் போடுகிறார். பின்னால் ஒன்று சேர்த்தால்தான் நமக்கு ஆகும்.

"நீ ஜோதின்னு கூப்பிட்டுக்கோ. லேபிளுக்கும் ஆச்சு, ஒனக்கும் ஆச்சு."

பட்டாசுக்காரர் மகளுக்கு ஜோதி. நெருப்புக்கு நடுவே நெருப்புப் பேர். வேணி என்று சொல்லிப் பார்த்தேன்; லேபிளுக்குப் பொருந்தாதாம்.

ஜூன் 10, ஞாயிறு

பாப்பாவை ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போய்ப் படம் பிடித்தாயிற்று. லேபிளில் தாமரைப்பூ நடுவே அவள் முகம் வரும்.

அம்மா அடுப்படியில்: "பச்சப் புள்ளையப் படம் புடிச்சா ஆயுசு கொறையும்பாக. மாப்பிள்ளைகிட்ட யாரு சொல்ல?"

திருஷ்டி மட்டும் சுற்றிப் போட்டோம்.

சேர்த்துப் பார்த்தவை: கமலதேவி. கமலசுந்தரி (நீளம்). கமலராணி (பின் தெருவில் ராணி என்று ஒரு பசு). கமலவேணி. கமலஜோதி.

காதுக்கு எடுப்பாக இருப்பது கடைசிதான். அதுதான் பயம்.

ஜூன் 17, ஞாயிறு. சிவகாசி

வந்து சேர்ந்தோம். மதினி ஆரத்தி எடுத்தார். மதினி, அவருடைய அக்கா. மாமியார் போனபின் இந்த வீடு அவர் கையில்தான். பேர் வைப்பது ஜூலை 2.

வாங்க வேண்டியது: வசம்பு, விளக்கெண்ணெய், தொட்டில் கயிறு.

ஜூன் 19, செவ்வாய்

பிரஸ்ஸிலிருந்து லேபிள் மாதிரித் தாள் வந்தது. ஒரே தாளில் வரிசை வரிசையாகப் பாப்பா. தாமரைமேல் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்குமேல் பொன் நிறப் பொறி பீறிட்டு அடிக்கிறது. கன்னம் அப்படியே அவள் கன்னம். மதினிக்கு ஒரே சந்தோஷம்.

"பெட்டியக் கிழிச்சுப் போடுவாக. மிதிப்பாக. குப்பையோட பத்த வைப்பாக" என்றேன்.

அவர் சிரித்தார். "சாமி படமே போடுறாக. அதக் கிழிக்கலையா?"

நியாயம்தான். ஆனால் சாமி என் வயிற்றில் பிறக்கவில்லை.

ஜூன் 21, வியாழன்

பால் கட்டிக் காய்ச்சல். உடம்பு முறுக்குகிறது.

நாளைக் காலை கம்பெனியில் புது ஷெட்டுக்குப் பூஜை. பாப்பாவைக் கொண்டுபோக வேண்டுமாம். வேண்டாம் என்றேன்.

மதினி: "செத்த நேரந்தான. எம் மடியிலயே வச்சிருக்கேன். லச்சுமி வந்தாத்தான ஷெட்டு வெளங்கும்."

அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஜூன் 23, சனி

நேற்று எழுத முடியவில்லை.

மதினி பாப்பாவைப் பூஜைக்குத் தூக்கிப் போயிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதலில் காதில் இல்லை, காலில்தான் தெரிந்தது. தரை அதிர்ந்தது. பிறகு சத்தம். அலமாரித் தம்ளர்கள் உருண்டன. வாசலுக்கு வந்தால் ஆமத்தூர் ரோட்டுப் பக்கம் புகை. நம் கம்பெனி இருக்கும் பக்கம்.

ஓடினேன். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. பாதி வழியில் ஒரு குதிரை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

"எந்தக் கம்பெனிம்மா?"

சொன்னேன். அவர் குதிரையைத் தட்டிவிட்டார்.

கேட் சாத்தியிருந்தது. வெளியே கூட்டம். ஆளாளுக்குப் பேர் சொல்லிக் கத்துகிறார்கள். ஏ மாரியம்மா. ஏலே கருப்பசாமி. எனக்குக் கத்த ஒரு பேர் இல்லை. வேணி என்று இன்னும் வைக்கவில்லை. எரிகிற இடத்தைப் பார்த்து ஜோதி என்று கத்த வாய் வரவில்லை.

"கமலா! கமலா!"

கைக்குழந்தை என்ன பதில் சொல்லும்? தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற கிழவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தவள், மாமியாரோடு பழகியவள்.

புகைக்குள்ளிருந்து மதினி வந்தார். முந்தானைக்குள் பாப்பா. வாங்கிக் கை, கால், காது எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அழக்கூட இல்லை, முழித்துக்கொண்டிருந்தாள். அழுதது நானும் மதினியும்.

வெடித்தது பழைய ஷெட், வெடிமருந்து கலக்கும் இடம். பூஜை நடந்தது அதற்கு எதிர்க்கோடியில். அவர் உள்ளே போய் அங்கம்மா என்ற கூலிக்காரியை இழுத்து வந்திருக்கிறார். அவருக்கு வலது கை வெந்துவிட்டது. அங்கம்மாவுக்கு இரண்டு கையும். யார் உயிருக்கும் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் கழித்து மதினியிடம், "அத்தை பேரச் சொல்லிட்டேன், மதினி" என்றேன்.

"கேட்டுச்சு. ஒரே பொக, எந்தப் பக்கம் வாசல்னே தெரியல. நீ கத்துன பக்கந்தான் நடந்தேன்" என்றார்.

ஜூன் 27, புதன்

வி.நகர் ஆஸ்பத்திரி. அங்கம்மாவுக்கு முழங்கை வரை கட்டு. கமலா ஆரஞ்சு கொண்டுபோயிருந்தேன், உரித்து ஊட்டினேன்.

"புள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போறீக?"

"இன்னும் முடிவாகல. ஜோதின்னு அவுக சொன்னாக. எனக்குத்தான் பயமா இருக்கு."

"எம் மக பேரும் ஜோதிதான். அஞ்சாப்பு படிக்கா." விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. நாந்தான இங்கன கெடக்கேன்."

சுளை என் கையிலேயே நின்றுவிட்டது. அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. இத்தனை நாளும் பேரைப் பிடித்துக்கொண்டு பயந்திருக்கிறேன்.

ஜூன் 30, சனி

அவருக்கும் நான்தான் சோறு ஊட்டுகிறேன். இடது கையால் சாப்பிட மாட்டாராம்.

இரண்டு வாய்க்குப் பிறகு: "லேபிள்ல பாப்பா வேண்டாம், தாமர மட்டும் போதும்னு சொல்லிவிட்டுட்டேன்."

இன்னும் இரண்டு வாய். "நீ சொன்ன வேணியே இருக்கட்டும்."

"ஜோதின்னே வச்சாலும் சரிதான்" என்றேன்.

"வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு."

இந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"மருந்து ஷெட்ட இன்னும் தள்ளிக் கட்டுங்க" என்றேன்.

"கட்டணும்."

"எப்ப?"

"சீசன் ஆர்டர் நிக்குது. தீபாவளி கழியட்டும்."

அதுவரை? தண்ணீர் கொடுத்தேன்.

ஜூலை 2, திங்கள்

வானம் மூடாக்கு. தூறவில்லை.

பேர் வைத்தாயிற்று. மதினிதான் காதில் மூன்று தடவை சொன்னார், கமலவேணி என்று. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததும் பாப்பா தும்மினாள். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. நன்றாகவும் இருக்கிறது.

இலை எடுக்கும்முன் அவர் கிளம்பிவிட்டார். இன்று கம்பெனியில் மறுபடி வேலை தொடங்குகிறார்கள். வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கீற்றுப் போட்டு மருந்து கலக்கப் போகிறார்களாம். கைக் கட்டோடு போயிருக்கிறார்.

சற்றுமுன் பக்கத்து வீட்டில் கதவை ஓங்கிச் சாத்தினார்கள். பாப்பாவை எப்போது தூக்கினேன், எப்படி வாசலுக்கு வந்தேன், தெரியவில்லை. மதினி எனக்கு முன்பே அங்கே வந்து நிற்கிறார்.

"கதவுதான், மதினி" என்றேன்.

தலையை ஆட்டினார். ஆனால் உள்ளே வரவில்லை. இதை எழுதும்போதும் வாசலில்தான் நிற்கிறார்.