உன் பேரில் நான் அழுத்திய பச்சை

என் ஸ்டெல்லாக் கண்ணு,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. மத்திகிரி ரூமில் உன் கட்டில் இன்னும் ஜன்னலோரமாகத்தான் கிடக்கிறது. இப்போது அதில் உன் தங்கச்சி ஜெனி படுக்கிறாள். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் வேலை தேட வந்திருக்கிறாள். உன்னைப் போலவே சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்ட பிறகுதான் அப்பளம் எங்கே என்று கேட்கிறாள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறதுடி. வேலை அலுப்பு இல்லை, அது பழகிப்போனது.

நம்ம லைனில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பைக் கண்ணாடிக் கவரைத் திருப்பித் திருப்பி விரிசல் பார்ப்போமே, இப்போது மூன்றே பேர். மீதியைக் கேமரா பார்க்கிறது. நாம் பாடம் சொல்லிக்கொடுத்த அதே கேமராதான். கவரின் படம் திரையில் வரும், நல்லதென்றால் பச்சை, விரிசல் என்றால் சிவப்பு அழுத்த வேண்டும், அதைப் பார்த்து ஏஐ கற்றுக்கொள்ளும் என்றார்கள். "நம்ம வேலைக்கு நாமளே ஆள் எடுக்கறோம்க்கா" என்று நீ சிரித்தாய். உன்னை விட்டால், வேலை போன எட்டுப் பேரில் ரெண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மற்றவர்கள் போனில் இன்னொரு ஏஐயை பயோடேட்டா எழுதச் சொல்லி ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாசம் ஒரு லோடு முழுசாகத் திரும்பி வந்தது. திருகு ஏறும் ஓட்டைக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல். கேமரா எல்லாவற்றையும் நல்லதென்று அனுப்பியிருக்கிறது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார்கள். நாம் பாடம் சொன்ன படங்களில் அந்த மாதிரி விரிசல் பெரும்பாலும் ஒருத்தி பங்கில்தான் வந்திருக்கிறது. அத்தனைக்கும் பச்சை. அது உன் ஐடி.

எந்த நாட்கள் என்று உனக்குத் தெரியும். காய்ச்சலோடு வந்தாய். லீவு போட்டால் கான்ட்ராக்டில் பேரை அடித்துவிடுவார்கள் என்று பயம். நீ மேஜையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாய், உன் பங்கையும் நானே அழுத்தினேன். என்னுடையதை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, உன்னுடையதைப் பார்க்காமலே பச்சை, பச்சை, பச்சை. மூன்று நாள் அப்படி. நாலாம் நாள்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டெங்கு முற்றிவிட்டது என்றார்கள். முதல் நாளே ஏன் கூட்டிப்போகவில்லை? போன ஞாயிறு உன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே லைன் லீடர் மஞ்சுநாத் அண்ணன் தன் கன்னடத் தமிழில் என் காதில் ஓதிவிட்டார். "நோடும்மா, இருக்கறவங்க பேரச் சொன்னா வேலை போகும். இல்லாதவங்களுக்கு என்ன போகப்போவுது?"

நான் பொய் சொல்லவில்லை ஸ்டெல்லா. "அவளுக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்ல சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். உண்மையைச் சொல்லியே ஒருத்தியை மாட்டிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இல்லாதவர்களுக்கு ஒன்றும் போகாது என்று நானும் நம்பினேன். போன வாரம் ஜெனி நம்ம கம்பெனிக்கே இன்டர்வியூ போனாள். எல்லாம் நல்லபடியாக நடந்து, கடைசியில் நீ அவள் அக்கா என்று தெரிந்திருக்கிறது. "உங்க அக்கா பாக்காம அழுத்துனதாலதாம்மா லோடு திரும்புச்சு. பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ரூமுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அக்கா, எங்கக்கா வேலை நேரத்துல தூங்குனாளா?"

அடுப்பில் பால் பொங்குது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

திரும்பி வந்தபோது அவள் போனில் ஏஐயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவலி மாத்திரையிலிருந்து மனசுக் கஷ்டம் வரைக்கும் இந்த வயசுப் பிள்ளைகள் அதனிடம்தான் போகிறார்கள். காய்ச்சலில் கவனம் குறைவது இயல்பு, உங்கள் அக்காவைக் குறை சொல்லாதீர்கள் என்று அது நீளமாக ஆறுதல் சொல்லியிருந்தது. எனக்குப் படித்துக் காட்டினாள். "நல்லாத்தான் பேசுது. ஆனா அது அங்க இல்லையேக்கா. நீங்க இருந்தீங்க."

அதற்குப் பிறகு அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது எனக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? உன் ஐடியில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவது. பச்சையைச் சிவப்பாக்கினால் கேமரா அப்படியே கேட்டுக்கொள்கிறது. அன்றைக்கு ஏன் தப்பாகச் சொன்னாய் என்று கேட்பதில்லை. ஜெனி கேட்பாள். கேட்கட்டும்.

நாளைக்குக் காலை ஏ ஷிப்ட் பஸ் வருவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன். அப்புறம் நேராக மேனேஜரிடம் போய், அழுத்தியது நான்தான் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல வரவில்லை. சிங்காரப்பேட்டையில் என் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வேன். உன் பேர் நான் ஒளிந்துகொள்வதற்கு இல்லை. அது உன் தங்கச்சிக்கு வேண்டும்.

உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட,
நாளையிலிருந்து ஜெனிக்கும் அக்காவாக இருக்கப் பார்க்கிற,
உன் ரூம் அக்கா ரேவதி