தேர் இழுக்கிற நேரம் நீ என்னோடுதான் இருந்தாய்

இன்று காலையில் வாசல் படலையடியில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. மை மணம் இன்னும் போகவில்லை. அதில் உன் படம். கீழே, 'செயற்கை நுண்ணறிவுக்கு இரையான எங்கள் சகோதரி.' கண்டிருந்தால், "இதைவிட நல்ல படம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டிருப்பாய்.

நோட்டீஸ் அடித்தது யார் தெரியுமோ? பிரதேச சபைத் தேர்தலில் உன்னை எதிர்த்து நின்றவன். உன் குரலை ஊரிலுள்ள போனுக்கெல்லாம் அனுப்பியவனும் அவன்தான். "கோயில் காணியைப் பிடிச்சுக் கடை கட்டுவம்" என்று அச்சொட்டாக உன் குரல். தேர்த் திருவிழா அன்று, தேர் இழுக்கிற நேரம், ஊர்காவற்றுறையில் கூட்டம் வைத்து நீ அப்படிப் பேசினாயாம்.

அந்த நேரம் மற்றப் பெண்கள் தேர் பார்க்கப் போய்விட, நாங்கள் இருவரும் மடத்துக் குசினியில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். "எடியே, இந்தப் பெரிய துண்டைச் சனம் தின்னுறதோ, மாடு தின்னுறதோ?" என்று என்னை ஏசினாய்.

"கோயில் சபையிலை வந்து அதை மட்டும் சொல்லடி" என்று என் வீட்டுக்கு வந்து கேட்டாய். எங்கள் குடும்பத்துக்கும் ஒரு நாள் திருவிழாவை நடத்தும் உரிமை தருவதாகச் சபைத் தலைவர் அப்போதுதான் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் செத்த திருவிழா. தலைவரோ அவனுடைய ஆள். "அம்மாள் எல்லாம் பாத்துக்கொள்ளுவா" என்று உன் நெற்றியில் விபூதி பூசிவிட்டேன்.

பிறகு கோயில் வாசலில் உன்னைக் கண்டால் பெண்கள் விலகினார்கள். நானும் விலகினேன். நீ தோற்றாய். மூன்றாம் மாதம் நித்திரையிலேயே போய்விட்டாய். செத்த வீட்டில் நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதேன்.

உன் மகள் அந்தப் பேச்சைப் படித்தவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், அது ஏஐ செய்த குரல் என்று தெரியவந்தது. இப்போது எல்லாக் கட்சிக்காரரும் ஏஐக்கு எதிரிகள். "எனக்கு வந்ததைத்தான் அனுப்பினனான். என்னையும் மெசின் ஏமாத்திப் போட்டுது" என்கிறான் அவன்.

இன்று பின்னேரம் சந்தியில் அவன் வைத்த கூட்டம். "அக்கா, நீங்கள் சிநேகிதி, ஒரு சொல் சொல்லுங்கோ" என்று மைக்கைத் தந்தான்.

"தேர் இழுக்கேக்கை அவள் என்னோடைதான் இருந்தவள்" என்றேன்.

சனம் கை தட்டியது. ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏஐயைத் தடை செய் என்று கத்தினார்கள். நானும் கத்தினேன்.

உன் மகள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "மாமி, அம்மாவுக்காக வாய் திறந்தது நீங்கள் ஒராள்தான்."

"ஓம் பிள்ளை" என்று தலையைத் தடவினேன். வெள்ளிக்கிழமைகளில் இனி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்கு வரப்போகிறாளாம்.