இன்னொரு பாயிண்ட்

மாப்ளே,

இன்று காலை சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து ஒரு பஞ்சு உருண்டை விழுந்தது. ஸ்பிரிட் வாசம் இன்னும் போகவில்லை. நடுவில் கடுகளவு ரத்தம். யாழினியின் கையில் ஊசி குத்திய இடத்தில் வைத்து அழுத்தியது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உயிரோடு இருந்திருந்தால் செவுளில் ஒன்று விட்டிருப்பாய்.

என் மகள் ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். திருச்செங்கோட்டு ஷெட்டில் நாம் போர்வெல் போடும் ரிக் லாரி நின்றால் போதும், ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். "உடு மாப்ள, எஞ்சின் ஓடுற வண்டி ஆடத்தான செய்யும்" என்பாய். அவளைத் திட்டாத ஒரே ஆள் நீதான்.

நீ போன பிறகு பள்ளியில் புகார் மேல் புகார். பாதிக் கணக்கில் எழுந்து போய்விடுகிறாளாம். சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். எங்களையும் டீச்சரையும் துருவித் துருவிக் கேட்டார், அவளோடு விளையாடிப் பார்த்தார். "கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேந்த பிரச்சினைங்க. வளர்ப்புத் தப்பில்லீங்க, பழக்கிக் கொண்டு வந்துரலாம்" என்றார்.

எனக்கு அது போதவில்லை. ஒரு விசேஷத்தில் பந்தியிலேயே என் பங்காளி, "செல்லங் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கறான்" என்றது காதை விட்டுப் போகவில்லை. ரத்தத்தில் இன்னது குறை என்று அச்சடித்த காகிதம் ஒன்று கிடைத்தால் அவன் மூஞ்சியில் வீசலாமே! டாக்டரம்மா சொல்லாமலே நாமக்கல்லில் ஒரு லேப், ஈரோட்டில் ஒரு லேப், அப்புறம் தலையில் ஸ்கேன். எதிலும் ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தம்மா மேசையில் போட்டுச் சத்தம் போட்டேன். "பாறைக்கடியில ஓடற தண்ணியவே கண்டுபுடிக்கறமுங்க. ஒரு புள்ள ஒடம்புல இருக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் கோபப்படவில்லை. "ரத்தத்துலயும் மூளையிலயும் மரபணுவுலயும் தேடிட்டுத்தானுங்க இருக்கறாங்க. நெறையப் புள்ளைகளச் சேத்துப் பாத்தா சின்னச் சின்ன வித்தியாசம் தெரியுது. ஆனா இந்தப் புள்ளைக்கு இருக்குதுன்னு காட்டற டெஸ்ட் இன்னும் வரலீங்க. புள்ளையப் பாத்துத்தான் சொல்லோணும்."

அதைக் கேட்ட பிறகும் நேற்று இன்னொரு லேபுக்குக் கூட்டிப்போனேன், பார். நர்ஸ் கேட்கும் முன்பே யாழினி தானாகக் கையை நீட்டினாள். அப்போதுதான் உன் நினைப்பு வந்தது.

ராசிபுரம் பக்கம் அந்தத் தோட்டத்துக்காரர் ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துக் காட்டில் அவருடைய பங்காளிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இவருக்கு இரண்டு குழியிலும் வெறும் புழுதி. "இன்னொரு பாயிண்ட் போடுங்க" என்று மூன்றாவது குழிக்குக் குதித்தார். நீ கம்ப்ரசரை நிறுத்திவிட்டு லாரிக்குப் பின்னால் வந்து, "இவருக்குத் தண்ணி வேண்டாம் மாப்ள, பங்காளிய ஜெயிக்கோணும். நெலத்தத்தான் பொத்தலாக்கறாரு" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது இப்போது.

நேற்று லேபிலிருந்து திரும்பி வரும்போது யாழினி காரில் மெதுவாகக் கேட்டாள். "கெட்ட ரத்தமெல்லாம் எடுத்தாச்சுங்களாப்பா?"

வண்டியை ஓரங்கட்டினேன். "உனக்குக் கெட்ட ரத்தமே இல்ல சாமி. நீ நல்ல புள்ளதான்."

"அப்பறம் எதுக்குங்கப்பா குத்துனாங்க?"

அவள் முழங்கையிலிருந்த பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது வேறு சட்டை போட்டிருக்கிறேன். அந்தப் பஞ்சு இதிலும் இருக்கிறது. யாழினி ஷெட்டில் ஏணி ஏறிக்கொண்டிருக்கிறாள். இன்று அவளைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் மாப்ளே.